வீடு மாறாத வாக்காளன்

நான் பிறந்த வீடும் இன்று குடியிருக்கும் வீடும் ஒன்றுதான். ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம். இந்த வீட்டை விட்டு நான் ஒரு தெரு தள்ளிக்கூடப் போனதில்லை. ஆனால் என் நாடாளுமன்றத் தொகுதி குடிபெயர்ந்துவிட்டது. வாலிபத்தில் நான் கனகபுரா தொகுதி வாக்காளன். 2008-இல் தொகுதி மறுவரையறை வந்து, தலை நரைத்தபோது பெங்களூரு ஊரகத் தொகுதி வாக்காளன் ஆனேன்.

ஊரகம் என்றதும் வயலும் வரப்பும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனேக்கல் தாலுகா இருப்பது பெங்களூரு நகர்ப்புற மாவட்டத்தில். எலெக்ட்ரானிக் சிட்டியும் பொம்மசந்திராவும் ஜிகணியும் எங்கள் பக்கம்தான். பெங்களூரு ஊரக மாவட்டம் என்று தனியாக ஒன்று உண்டு. தேவனஹள்ளி, தொட்டபள்ளாபுரா, ஹொசகோட்டே, நெலமங்களா என்று நான்கு தாலுகாக்கள். அந்த நான்கும் சிக்கபள்ளாபுரா தொகுதியில் இருக்கின்றன. அதாவது, ஊரக மாவட்டத்துக்காரர்களுக்கு ஊரகத் தொகுதியில் ஓட்டு கிடையாது. நகர மாவட்டத்துக்காரனான எனக்கு உண்டு.

இதற்குக் காரணம் உண்டு. மறுவரையறை ஆணையம் கோடு போட்டுக்கொண்டிருந்த காலத்தில் ராமநகரா, சன்னபட்டணா, கனகபுரா, மாகடி எல்லாம் ஊரக மாவட்டத்தில் இருந்தவை. பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. 2007-இல் எச்.டி. குமாரசாமி முதல்வராக இருந்தபோது அவற்றைப் பிரித்து ராமநகரா மாவட்டம் ஆக்கினார்கள். 2025 மே மாதம் கர்நாடக அமைச்சரவை அந்த ராமநகராவுக்கு ‘பெங்களூரு தெற்கு’ என்று பெயர் சூட்ட முடிவெடுத்தது. ஏற்கெனவே பெங்களூரு தெற்கு என்று ஒரு மக்களவைத் தொகுதி இருக்கிறது. இந்த மாவட்டம் அதில் இல்லை. பெங்களூரு தெற்கு என்று ஒரு சட்டமன்றத் தொகுதியும் இருக்கிறது. அதுவும் அந்த மக்களவைத் தொகுதியில் இல்லை, எங்கள் ஊரகத்தில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள முயன்று தோற்ற தபால்காரர்கள் எங்கள் ஊரில் உண்டு.

இத்தனையும் எனக்கு அத்துப்படியானதற்குத் தொழில்தான் காரணம். அப்பா அச்சகம் வைத்திருந்தார். ஒரு டிரெடில் மிஷின், கன்னட எழுத்துப் பெட்டி, தமிழ் எழுத்துப் பெட்டி. தெலுங்குக்குத் தனியாக வாங்கக் காசில்லை. கன்னட எழுத்திலேயே தெலுங்கைக் கோர்த்து அடித்தால் எங்கள் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள் முணுமுணுக்காமல் படித்துவிடுவார்கள். கல்யாணப் பத்திரிகை, பட்டுத்தறிக்காரர்களின் பில் புத்தகம், கரகத் திருவிழா நோட்டீஸ் என்று வருஷம் ஓடும். தேர்தல் வந்தால்தான் மிஷினுக்கு ராத்திரி வேலை.

நோட்டீஸின் அடியில் அச்சகத்தின் பெயரும் முகவரியும், வெளியிடுபவர் பெயரும் கட்டாயம் இருக்க வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு அப்படிச் சொல்கிறது. அப்பா அந்த ஒரு வரியை மட்டும் தானே கோர்ப்பார், மற்றவர் கை வைக்க விடமாட்டார். “வேட்பாளர் பேர்ல தப்பு வந்தா திட்டுவான், நம்ம பேர்ல தப்பு வந்தா போலீஸ் வரும்” என்பார். காலையில் ஒரு கட்சிக்கு அடித்த அதே மிஷினில் மாலையில் எதிர்க்கட்சிக்கு அடிப்போம். வாசகங்களில் பெரிய வித்தியாசம் இருக்காது. இருவரும் ஏழைகளின் தோழர்கள், இருவரும் உங்கள் வீட்டுப் பிள்ளைகள். பெயரையும் சின்னத்தையும் மட்டும் கழற்றி மாட்டினால் போதும். கம்போசிங் கூலி மிச்சம். “அச்சடிக்கிறவனுக்குக் கட்சி கிடையாதுடா, பாக்கிதான் உண்டு” என்று அப்பா சொன்னதை நான் அப்போது வேடிக்கைப் பேச்சு என்றே நினைத்தேன். தோற்றவர் ‘தோற்றுவிட்டேனே’ என்று பணம் தரமாட்டார். ஜெயித்தவரைப் பார்க்கவே முடியாது.

அப்பா பார்த்த முதல் தேர்தலுக்கு நோட்டீஸ்கூட அவ்வளவாகத் தேவைப்படவில்லை. 1952-இல் வாக்குச்சீட்டில் யாரும் முத்திரை குத்தவில்லை. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு தனிப் பெட்டி, மேலே சின்னம் ஒட்டியிருக்கும். திரைக்குப் பின்னால் போய், பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். சிலர் பெட்டிக்கு நமஸ்காரம் பண்ணிவிட்டு, பெட்டிமேலேயே சீட்டை வைத்துவிட்டு வந்தார்கள் என்று அப்பா சொல்வார்.

இன்னொன்றும் சொல்வார். அன்று எல்லாத் தொகுதிக்கும் ஓர் உறுப்பினர் என்ற கணக்கில்லை. நாடு முழுக்க 401 தொகுதிகள், 489 எம்.பி.க்கள். 314 தொகுதிகள்தான் நம் இன்றைய ஒற்றை உறுப்பினர் வகை. 86 தொகுதிகளில் இரண்டு பேர்: ஒருவர் பொது, ஒருவர் தாழ்த்தப்பட்டோர் அல்லது பழங்குடியினர். வடக்கு வங்காளத்தில் ஒரு தொகுதிக்கு மூன்று பேரே இருந்தார்கள். இரட்டைத் தொகுதி வாக்காளருக்கு இரண்டு ஓட்டு.

இந்த ஏற்பாட்டுக்கு முடிவு கட்டியதில் ஒரு பெரிய மனிதரின் தோல்விக்கும் பங்குண்டு. 1957-இல் ஆந்திராவின் பார்வதிபுரம் இரட்டைத் தொகுதியில் வி.வி. கிரி நின்றார். ஓர் இடம் பழங்குடியினருக்கு, இன்னொன்று பொது. எண்ணிப் பார்த்தால் பழங்குடியின வேட்பாளர்கள் இருவர் முதல் இரண்டு இடங்களில். பொது இடமும் பழங்குடி வேட்பாளருக்கே போயிற்று. கிரி உச்ச நீதிமன்றம் வரை போனார். பொது இடம் என்றால் எல்லோருக்கும் பொதுதான் என்று 1959-இல் தீர்ப்பாயிற்று. 1961-இல் இரட்டைத் தொகுதிகளை ஒழிக்கச் சட்டம் வந்தது. ஒதுக்கப்பட்டவர் தன் இடத்தில் ஜெயிக்கும்வரை ஏற்பாடு நல்ல ஏற்பாடு. அடுத்த இடத்திலும் ஜெயித்ததும் அது கெட்ட ஏற்பாடு ஆகிவிட்டது. அந்தத் தேர்தலில் எம்.பி. ஆக முடியாத கிரி பின்னால் எங்கள் மைசூர் மாநிலத்துக்குக் கவர்னராக வந்தார், பிறகு குடியரசுத் தலைவரும் ஆனார். ஒரு தொகுதியில் தோற்பது அவ்வளவு மோசமான காரியமில்லை.

நான் முதல் ஓட்டுப் போட்டது 1977-இல். அப்போது 21 வயது நிறைந்தால்தான் ஓட்டு. காங்கிரசுக்குப் பசுவும் கன்றும், ஜனதாவுக்கு ஏர் உழவன். பெங்களூர் அவென்யூ ரோடு பக்கம் போய் இரண்டு சின்னத்துக்கும் பிளாக் செய்து வாங்கிவந்தோம். நாடே இந்திரா காந்தியைத் தூக்கியெறிந்தது. ரேபரேலியில் அவரே தோற்றார். கர்நாடகாவில் 28-இல் 26 காங்கிரசுக்கு. எங்கள் கனகபுராவில் காங்கிரசின் எம்.வி. சந்திரசேகரமூர்த்தி ஜெயித்தார். டெல்லியில் ஆட்சி மாறிய செய்தியை ரேடியோவில் கேட்டுக்கொண்டே ஆளுங்கட்சியாக இல்லாமல் போன கட்சியின் வெற்றிக்கு இங்கே வெடி வெடித்தார்கள்.

ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள். எங்கள் தொகுதி அந்தப் பழமொழியைப் படித்ததே இல்லை.

அடுத்த தேர்தலுக்குள் காங்கிரஸ் உடைந்து, பசுவும் கன்றும் போய்க் கை வந்தது. பழைய பிளாக் அலமாரிக்குப் போயிற்று. ஏர் உழவனும் பின்னாலேயே போனான். பிறகு ஜனதா தளத்துக்குச் சக்கரம், அது உடைந்தபின் தேவகௌடாவின் கட்சிக்கு நெற்கட்டு சுமக்கும் பெண், பா.ஜ.க.வுக்குத் தாமரை என்று பிளாக்குகள் சேர்ந்துகொண்டே போயின. தேர்தல் முடிந்ததும் அம்மா கற்பூரத் துணியால் துடைத்து அடுக்குவார். கட்சிகள் ஒன்றாக இருந்த காலத்தைவிட உடைந்த காலத்தில்தான் எங்களுக்கு வியாபாரம்.

சந்திரசேகரமூர்த்தி 1977-லிருந்து 1991 வரை வரிசையாக ஐந்து தேர்தல் ஜெயித்தார். மத்திய அமைச்சராகவும் இருந்தார். 1996-இல் குமாரசாமி என்ற இளைஞர் முதல்முறையாக நின்று எம்.பி. ஆனார்; அடுத்த சில வாரங்களில் அவருடைய அப்பா தேவகௌடா பிரதமர். 1998-இல் தாமரை, எம். சீனிவாஸ். 1999-இல் மறுபடி சந்திரசேகரமூர்த்தி. அவர் காலமான பின் 2002-இல் இடைத்தேர்தல் வந்தது. முன்னாள் பிரதமர் ஒரு பக்கம், கனகபுராவின் டி.கே. சிவகுமார் மறுபக்கம். தேவகௌடா 50,000 ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். எங்கள் மிஷினின் ரோலர் தேய்ந்து மாற்ற வேண்டியதாயிற்று.

இரண்டே வருஷம். 2004-இல் காங்கிரஸ் ஒரு டி.வி. செய்தியாளரை நிறுத்தியது, தேஜஸ்வினி. கர்நாடகாவில் பா.ஜ.க. 18 இடங்களை அள்ளிய தேர்தல் அது. கனகபுரா அந்த அலையோடும் போகவில்லை, முன்னாள் பிரதமரோடும் போகவில்லை. தேஜஸ்வினிக்கு 5.84 லட்சம், பா.ஜ.க.வின் ராமச்சந்திர கௌடாவுக்கு 4.67 லட்சம், தேவகௌடாவுக்கு 4.62 லட்சம். நாட்டை ஆண்டவர் மூன்றாமிடம். ஹாசனிலும் நின்று ஜெயித்திருந்ததால் டெல்லிக்குப் பஸ் தவறவில்லை.

முன்பெல்லாம் முடிவு தெரிந்துகொள்வதே ஒரு திருவிழா. வாக்குச்சீட்டு காலத்தில் பல பூத்களின் சீட்டுகளை ஒரு ட்ரம்மில் கொட்டிக் கலக்கிவிட்டுத்தான் எண்ணுவார்கள். எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காக. எண்ணி முடிக்க ராத்திரியாகும், மறுநாளும் ஆகும். அப்பாவின் சிநேகிதர் ஒருவர் ஒவ்வொரு தேர்தலுக்கும் எண்ணிக்கை ஏஜெண்டாகப் போவார். வரும்போது குரல் இருக்காது. விரலைக் காட்டிச் சொல்லுவார். அதுவரை அவரவர் எம்.பி. அவரவர் ஜெயித்துக்கொண்டிருப்பார். பெங்களூரிலிருந்து முதல் பஸ்ஸில் பிரஜாவாணி கட்டு வந்த பிறகுதான் பந்தயப் பணம் கைமாறும்.

2004-இல் நாடு முழுக்க மின்னணு இயந்திரம் வந்தது. பெட்டியைச் செய்யும் நிறுவனங்களில் ஒன்று பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ். விரலில் வைக்கும் மை 1962 முதலே மைசூர் பெயிண்ட்ஸ் கம்பெனியின் சரக்கு. ஓட்டுப் போடத் தேவையான எல்லாம் எங்கள் மாநிலத்திலேயே தயாராகிறது. வேட்பாளரும் மிஞ்சினால் மூன்று குடும்பத்திலிருந்து தயாராகிறார். இயந்திரம் காலை உணவுக்குள் போக்கைச் சொல்லிவிடுகிறது. ஆனால் ட்ரம் போய்விட்டது. ஒவ்வொரு பூத்திலும் யாருக்கு எத்தனை என்று இப்போது தனித்தனியாக அச்சாகி வெளிவருகிறது. எங்கள் தெரு யாருக்குப் போட்டது என்பது என்னைவிட, தோற்ற கட்சியின் வட்டாரப் பிரமுகருக்கு நன்றாகத் தெரியும். சாக்கடை அடைத்துக்கொண்டால் அவர் முகத்தில் அந்தக் கணக்கு தெரிகிறது. ரகசிய வாக்கெடுப்பு ரகசியமாகத்தான் இருக்கிறது, தெருவைத் தவிர.

புதுப் பெயரில் வந்த முதல் தேர்தல் 2009. குமாரசாமி 4.93 லட்சம் ஓட்டு வாங்கி ஜெயித்தார். இரண்டாவதாக வந்தவர் பா.ஜ.க.வின் சி.பி. யோகேஷ்வர், மூன்றாவது தேஜஸ்வினி. 2013-இல் குமாரசாமி சட்டமன்றத்துக்குப் போக, இடைத்தேர்தலில் அவர் மனைவி அனிதா நின்றார். எதிரே டி.கே. சிவகுமாரின் தம்பி டி.கே. சுரேஷ். 1,37,000 ஓட்டு வித்தியாசத்தில் சுரேஷ். 2014-இல் மோடி அலை, கர்நாடகாவில் பா.ஜ.க.வுக்கு 17, இங்கே சுரேஷ், 2,31,480 வித்தியாசம். 2019-இல் அது அலையில்லை, வெள்ளம். 28-இல் 25 பா.ஜ.க. காங்கிரசுக்கு மாநிலம் முழுக்க ஒரே ஓர் இடம். அந்த ஓர் இடம் நாங்கள்தான். சுரேஷுக்கு 8,78,258. ஐந்து வருஷம் கர்நாடகக் காங்கிரசின் மக்களவைக் குழுக் கூட்டத்தை அவர் கண்ணாடி முன் நின்றே நடத்தியிருக்கலாம்.

அதே 2019-இல் ஆனேக்கலில் பலமுறை எம்.எல்.ஏ.வாக இருந்த ஏ. நாராயணசாமி, 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் சித்ரதுர்காவில் நின்று எம்.பி. ஆனார், பின்னர் மத்திய இணையமைச்சரும் ஆனார். எங்கள் ஊர்க்காரர் யாருக்கோ எம்.பி. எங்களுக்கு எம்.பி. பன்னேர்கட்டா காட்டுக்கு அந்தப் பக்கத்துக்காரர்.

பிறகு 2024. மாநிலத்தில் காங்கிரஸ் ஆட்சி. அண்ணன் துணை முதல்வர், கட்சியின் மாநிலத் தலைவரும் அவரே. காங்கிரஸ் ஒன்றிலிருந்து ஒன்பது இடத்துக்கு ஏறியது. ஏறிய அந்தத் தேர்தலில், கையிலிருந்த ஒன்றை மட்டும் எங்கள் தொகுதி பிடுங்கிக்கொண்டது. ஜெயதேவா இதய நோய் நிலையத்தை வெகுகாலம் நடத்தி ஓய்வுபெற்ற டாக்டர் சி.என். மஞ்சுநாத் தாமரையில் நின்றார். தேவகௌடாவின் மாப்பிள்ளை. 10,79,002 ஓட்டு, சுரேஷுக்கு 8,09,355. வித்தியாசம் 2,69,647. மாமனாரை மூன்றாமிடத்துக்குத் தள்ளிய பூமி, இருபது வருஷம் கழித்து மருமகனுக்கு மாலை போட்டது. மாமனாரின் கட்சிச் சின்னம் நெற்கட்டுப் பெண், மருமகனுடையது தாமரை. யோகேஷ்வர் அதே வருஷக் கடைசியில் சன்னபட்டணா இடைத்தேர்தலில் கைச் சின்னத்தில் ஜெயித்தார். தேஜஸ்வினி கையிலிருந்து தாமரைக்குப் போய், மறுபடி கைக்கு வந்துவிட்டார். அம்மா இருந்திருந்தால் துடைத்து அடுக்க இடமில்லாமல் திண்டாடியிருப்பார்.

இவ்வளவு முடிவுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு கணக்கு உறுத்துகிறது. 2004-இல் தேஜஸ்வினிக்கு விழுந்தது 5.84 லட்சம், அடுத்த இருவருக்கும் சேர்த்து விழுந்தது 9 லட்சத்துக்கு மேல். 2009-இல் குமாரசாமியை வேண்டாம் என்றவர்கள் அவரை வேண்டும் என்றவர்களைவிட அதிகம். ஒற்றை உறுப்பினர் தொகுதியில் இதெல்லாம் குற்றமில்லை, இலக்கணம். முதலில் வந்தவர் முழுவதையும் எடுத்துக்கொள்வார். இந்த இலக்கணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இலங்கைத் தமிழர்களைக் கேட்டால் சொல்வார்கள். 1977-இல் அங்கே பாதி ஓட்டுக்குச் சற்று மேல் வாங்கிய ஐக்கிய தேசியக் கட்சிக்கு 168-இல் 140 இடம். கிட்டத்தட்ட முப்பது சதவீதம் வாங்கிய சுதந்திரக் கட்சிக்கு 8. அதில் கால்பங்கு ஓட்டுக்கூட வாங்காத தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர். 1978 அரசியலமைப்பில் அந்த முறையையே மாற்றி, மாவட்ட வாரியாக விகிதாசாரத்துக்குப் போய்விட்டார்கள். நாங்கள் முறையை மாற்றவில்லை, தொகுதியின் பெயரை மாற்றிக்கொண்டோம்.

தம்பி ஓசூரில் இருக்கிறான். அத்திப்பள்ளியைத் தாண்டினால் அவன் வீடு. அவன் கிருஷ்ணகிரி தொகுதி. 2019-இல் இரண்டு பேருக்கும் ஒரே நாள் ஓட்டு, ஏப்ரல் 18. 2024-இல் அவனுக்கு ஏப்ரல் 19, எனக்கு 26. அந்த ஒரு வாரம் அவன் மை வைத்த விரலோடு வந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எனக்கு அரசியல் சொல்லிக்கொடுத்தான். “அண்ணா, எங்க வேலை முடிஞ்சுது. நீங்க பார்த்துப் போடுங்க” என்று தொழிற்சாலை ஷிப்டு ஒப்படைப்பதுபோலச் சொல்லிவிட்டுப் போனான். அவன் தொகுதியில் ஜெயித்த காங்கிரசின் கே. கோபிநாத், தமிழ்நாட்டு எம்.பி.யாக மக்களவையில் தெலுங்கில் உறுதிமொழி எடுத்தார். தமிழ்நாட்டில் பலர் புருவம் உயர்த்தினார்கள். ஓசூர், ஆனேக்கல் பக்கத்தில் யாருக்கும் அது செய்தியாகவே படவில்லை. நாங்கள் கன்னட எழுத்தில் தெலுங்கு நோட்டீஸ் அடித்த ஆட்கள்.

எம்.பி. என்பவர் அன்று எங்களுக்கு ஒரு லெட்டர்பேடு. அதையும் நாங்கள்தான் அச்சடித்தோம். டெலிபோன் இணைப்புக்கும் கேஸ் சிலிண்டருக்கும் எம்.பி. கோட்டா இருந்த காலம். அந்த லெட்டர்பேடில் இரண்டு வரி வாங்க, காடு சுற்றி எங்கெங்கோ அலைவார்கள். பிளாங்க் தாள் நாலு கொடுத்தால் நூறு ரூபாய் என்று அப்பாவிடமே ஒருவர் பேரம் பேசினார். அப்பா அவரைத் துரத்திவிட்டு, மீதித் தாள்களை எண்ணிப் பூட்டி வைத்தார். இன்று டெலிபோனைக் கூவிக் கூவி விற்கிறார்கள், கேஸுக்கு ஒரு மிஸ்டு கால் போதும். எம்.பி. கடிதம் யாருக்கும் தேவையில்லை. எம்.பி.யின் குரல் மட்டும் தேர்தல் நேரத்தில் போனில் வருகிறது. “வணக்கம், நான் உங்கள்...” என்று. பதிவு செய்த குரல். பதில் சொன்னால் நிற்காமல் பேசிக்கொண்டே போகிறது. அந்த விஷயத்தில் நேரில் வந்தவர்களுக்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

தொகுதி மேம்பாட்டு நிதி என்று எம்.பி.க்கு வருஷம் 5 கோடி உண்டு. எல்லா எம்.பி.க்கும் ஒரே தொகை. எங்கள் தொகுதியில் சுமார் 28 லட்சம் வாக்காளர்கள். வகுத்தால் ஆளுக்கு 18 ரூபாய்கூடத் தேறாது. லட்சத்தீவிலும் ஓர் எம்.பி.தான், அங்கே வாக்காளர் 60 ஆயிரத்துக்கும் குறைவு. டாக்டர் மஞ்சுநாத்தின் வெற்றி வித்தியாசத்துக்குள் லட்சத்தீவு நாலு முறை அடங்கும். 1952-இல் ஓர் எம்.பி.க்குச் சராசரி மூன்றரை லட்சம் வாக்காளர். இன்று தமிழ்நாட்டு எல்லையிலிருந்து துமகூரு மாவட்டத்துக் குணிகல் வரை நீளும் எங்கள் எட்டு சட்டமன்றத் தொகுதிகளில், மாநகரத்து ராஜராஜேஸ்வரி நகரும் பெங்களூரு தெற்கும் மட்டுமே சேர்ந்து மற்றவர்களின் முடிவை மூழ்கடித்துவிடும். 2024-இல் பெரும் முன்னிலை வந்தது அங்கிருந்துதான். ஊரகத் தொகுதியின் எம்.பி.யை இப்போது அபார்ட்மெண்டுகள் தேர்ந்தெடுக்கின்றன.

இதையெல்லாம் சரிசெய்ய மறுபடி கோடு போடப்போகிறார்கள். மாநிலங்களுக்கான இடங்கள் 1971 கணக்கெடுப்போடு உறைந்து கிடக்கின்றன. 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரைதான் அந்த உறைநிலை. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த தென்மாநிலங்களுக்கு இடம் குறையுமோ என்ற பயத்தில் 2025 மார்ச்சில் ஸ்டாலின் சென்னையில் கூட்டம் போட்டார், டி.கே. சிவகுமாரும் போய் உட்கார்ந்தார். காவிரியில் ஒத்துப்போகாதவர்கள் ஜனத்தொகையில் ஒத்துப்போனார்கள். தெற்குக்கு இடம் குறையுமோ கூடுமோ, ஆனேக்கல் அடுத்து எந்தத் தொகுதி என்பது ஆனேக்கல்காரர்களுக்கே கடைசியில்தான் தெரியும்.

டிரெடில் மிஷின் எடைக்குப் போய்விட்டது. கடையை மகன் பார்க்கிறான். ஃப்ளெக்ஸ் வந்தபோது நாலு காசு பார்த்தோம். 2016-இல் கர்நாடக அரசு பிளாஸ்டிக்கோடு சேர்த்து அதையும் தடை செய்தது. இப்போது கம்ப்யூட்டரில் டிசைன் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புவதுதான் தேர்தல் வேலை. சென்ற மாதம் ஒரு இளைஞர் வந்தார். புதுவருஷக் காலண்டர் அடிக்க வேண்டும் என்றார். எந்தக் கட்சி என்று சொல்லவில்லை, கேட்டதற்கும் சிரித்தார். படம் பெரிதாக, பெயர் அதைவிடப் பெரிதாக, கீழே ‘வருங்கால மக்களவை உறுப்பினர்’.

“எந்தத் தொகுதின்னு போடட்டும்?” என்றான் மகன்.

“அங்க கொஞ்சம் இடம் விட்டுடுங்கண்ணா. கோடு போட்டு முடிக்கட்டும், அப்புறம் ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம்.”

சின்னத்துக்கும் அப்படியே இடம் விடச் சொன்னார். மகன் கம்ப்யூட்டரில் இரண்டு வெற்றுக் கட்டங்கள் போட்டான். நான் உள்ளேயிருந்து எழுந்து வந்து, டிசைனுக்கு முன்னால் முழுப் பணத்தையும் எண்ணி வாங்கிக் கல்லாவில் போட்டேன்.